எளாவூருக்குப் பதிமூன்று படி

யாரும் விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

படிக்கார அக்கா இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் இப்படித்தான் தொடங்கியிருப்பார். முடிவைத் தூக்கி முன்னால் வைப்பார், கேட்கிறவர் மூச்சு விட்டாரா என்று ஒரு பார்வை பார்ப்பார், அதற்குப் பிறகுதான் கதை கிளம்பும். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் இருபது நாள் போல எங்கள் வீட்டு மரப்படியைச் சரிசெய்ய வந்துபோனவர். பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதே இல்லை. எனக்கு அக்கா, என் மனைவிக்குப் படிக்காரக்கா, அப்பாவுக்கு ‘அந்தப் பொண்ணு’. ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயதுப் பொண்ணு.

முதல் நாள் நான் முன்வாசலில் காத்து நிற்கிறேன், அவர் பின்கட்டு வழியாக வந்து சமையலறையில் நிற்கிறார். தேர்வாய் கண்டிகையில் பெரிய இயந்திரங்களை அடைத்து அனுப்ப மரப்பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை. காலை ஷிப்ட் முடிந்த கையோடு, நீலச் சட்டையோடு, புருவத்தில் ஒட்டிய மரத்தூளோடு வந்திருந்தார்.

“முன்பக்கம் வரலாமேக்கா” என்றேன்.

“முன்பக்கம் அல்லாரும் பெயிண்ட் அடிச்சி வெச்சிகினு இருப்பாங்க தம்பி. பின்பக்கம் பாத்தாத்தான் ஊடு இன்னா ஊடுன்னு தெரியும்.”

மாடிப்படியைக் காட்டினேன். சுவரை ஒட்டி, ஓரமாகக் கால் வைத்து உச்சிக்குப் போனார். அங்கே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக வழுக்கிக்கொண்டு இறங்கினார், விரல் முட்டியால் பலகையைத் தட்டுவார், காதைச் சாய்ப்பார், கைப்பிடியை உலுக்குவார், அடுத்த படி. உடைந்த படியைச் சறுக்குமரத்துக் குழந்தை மாதிரித் தாண்டினார். கடைசிப் படியில் வந்து நின்று கையைத் தட்டித் தூசி விட்டார்.

“பொழச்சிக்கும்.”

“எது அக்கா?”

“படிதான். பொழச்சிக்கும். இப்ப சொல்லு, இன்னா ஆச்சு இதுக்கு?”

என்ன ஆயிற்று என்று சொல்லப் போனால் அப்பாவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா கொல்கத்தா சாலையில் லாரி ஓட்டியவர். ராயபுரத்தில் ஏதோ ஒரு பழைய பங்களாவை இடித்தபோது, மரப்படி முழுசாக வெளியே வந்து மண்ணில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, தன் வண்டியிலேயே ஏற்றி எளாவூருக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்போது எங்களுக்கு மாடியே கிடையாது. ஊரில் எல்லோரும் வீட்டுக்குப் படி வைப்பார்கள், அப்பா படிக்கு வீடு கட்டினார். படி எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் தளம், அதற்குமேல் ஒரே ஒரு அறை, சாலையைப் பார்த்த ஜன்னல். ஆயுத பூஜைக்கு வண்டிக்கு என்ன நிறமோ அதில் மிஞ்சியது படிக்கு. மஞ்சள், அதன்மேல் பச்சை, அதன்மேல் செங்கல் சிவப்பு, வருஷத்துக்கு ஒரு தோல்.

எளாவூர் ஆந்திர எல்லையோரம், செக்போஸ்ட்டில் லாரி நிற்கும், உறுமும், கிளம்பும். கிளம்பும்போதெல்லாம் எங்கள் வீடு ஒரு துளி நடுங்கும். அந்த நடுக்கத்தில் படியின் ஆணிகள் மெல்ல மெல்ல மேலே எழுந்து தலை காட்டும். மாதம் ஒருமுறை சுத்தியலோடு ஏறி அந்தத் தலைகளை உள்ளே அடித்துவிட்டு வருவது எங்கள் வீட்டு வழக்கம், பக்கத்து வீடுகளில் ஒட்டடை அடிப்பது மாதிரி.

சர்க்கரையில் அப்பாவின் கண் கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோது, அவர் படியைக் காலால் மனப்பாடம் செய்துகொண்டார். மனப்பாடம் என்றால் எண்ணிக்கை இல்லை, ஊர்கள். கீழ்ப்படி எளாவூர், ஓரத்தில் ஜாக்கி விழுந்து அரைநிலா மாதிரி பெயர்ந்த இடம். அடுத்தது ஆரம்பாக்கம், வழவழப்பு. மூன்றாவது தடா, ஆந்திராக்காரன் செக்போஸ்ட், மிதித்தால் கத்தும். சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர். ஏழாவது நெல்லூர், நட்டநடுவில் எலுமிச்சை அளவு முடிச்சு. காவலி, ஓங்கோல், சிலகலூரிப்பேட்டை, குண்டூர், மங்களகிரி. உச்சிப்படி விஜயவாடா, இரண்டு பாதம் வைத்துத் தேய்ந்த நல்ல பள்ளம். “கிருஷ்ணா ஆறு ஓடுதில்ல” என்பார். மாடிக்குப் போவது வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போவது. இறங்குவது ஊர் திரும்புவது. காலையில் டீக்கு ஊர் திரும்புவார், நாஷ்டா முடித்து மறுபடி விஜயவாடா போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற லாரியின் பிரேக் சத்தத்தை வைத்தே எத்தனை டன் ஏற்றியிருக்கிறான் என்று சொல்வார். நான் எடைமேடையில் சீட்டு எழுதுகிறவன். அவர் சொன்னது பலநாள் என் சீட்டோடு ஒத்துப்போயிருக்கிறது.

ஒருநாள் ஐந்தாம் படி பிளந்தது. பிடித்த கைப்பிடியும் கையோடு வந்துவிட்டது. முழங்கால்வரை பலகைக்குள் இறங்கிப்போய், தொங்கிக்கொண்டிருக்கிற கைப்பிடியை விடாமல், அப்பா கத்தினார்: “நாயுடுபேட்டைல வண்டி கவுந்துச்சிடா.”

காலைப் பலகையிலிருந்து உருவி, ரத்தத்தைத் துடைத்து, கட்டுப் போட்டது என் மனைவி. மூன்றாம் நாள் அவள் தீர்ப்பு வந்தது.

“மாமா, கீழ் ரூமுக்கு வந்துடுங்க. மாடிய பூட்டிடலாம்.”

கீழ் அறை என்பது அரிசி மூட்டையும் தண்ணீர் மோட்டாரும் இருக்கிற பின்னறை. சாலைச் சத்தம் அங்கே எட்டாது. அப்பா சொன்னார்: “படிய ரிப்பேர் பண்ணுங்க. யாரும் கை புடிக்காம ஏறி எறங்குறேன். ஒருதரம் எவனாவது கை குடுத்தாலும் மோட்டார் ரூம்லயே படுத்துக்குறேன்.”

“பேச்சு மாறக்கூடாது மாமா.”

“லாரிக்காரன் பேச்சும்மா.”

இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் படிக்கார அக்கா உளியை எடுத்தார். உளியை எடுத்ததும் என்னைப் பார்த்து, “இதுக்கு முன்ன யாரு கை வெச்சது?” என்றார். நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உற்சாகத்தில் வார்னிஷ் டப்பாவோடு இறங்கி, கீழ்ப்படியில் தொடங்கி, ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டே மேலே போய், உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இறங்க வழியில்லை. சாயங்காலம்வரை மாடியில் அப்பாவோடு சிறை. மனைவி சோற்றுத் தூக்கைக் கயிற்றில் கட்டி ஜன்னல் வழியே ஏற்றினாள்.

அக்கா சிரித்தார், சிரிப்பு தாங்காமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அல்லாத்தையும் முடிவுலேர்ந்து ஆரம்பிக்கணும் தம்பி. உச்சில நின்னுகினு, பூசிகினே எறங்கணும். நீ எப்பவுமே கீழேர்ந்து மேல போற ஆளு.”

அவர் எதையுமே முடிவிலிருந்துதான் தொடங்குவார். செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து. டப்பாச் சோற்றில் தயிர்ச்சாதம் முதலில், குழம்புச்சோறு பிறகு. என் மனைவி பார்க்கிற சீரியலுக்கு அவரே எதிரி. வேலைக்கு நடுவில் தலையைத் தூக்கி, “அந்த மருமவ திரும்பி வந்துடுவா, கவலப்படாத” என்பார்.

“அக்கா, ஏன்கா சொன்னீங்க?”

“நீ நகத்த கடிச்சிகினே பாக்குற, பாக்க சகிக்கல. இப்ப நிம்மதியா பாரு.”

வேடிக்கைப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பெயிண்டுத் தோலைச் சுரண்டிக்கொண்டே அவராகச் சொன்னார். வழக்கம்போல முடிவிலிருந்து. “எங்க ஊட்டுக்காரரு நல்லா கீறாரு. ரவ தாங்கித் தாங்கி நடப்பாரு, டீவி ரிமோட்ட யாருக்கும் தரமாட்டாரு, மத்தபடி நல்லா கீறாரு.” அப்புறம்தான் கதை. அவர் கணவர் சைக்கிளில் சிப்காட் வேலைக்குப் போனபோது லாரி இடித்துவிட்டது. போனில் சொன்னவன் முதலிலிருந்து சொல்லியிருக்கிறான். காலையில் டீ குடித்தது, சாலையைக் கடந்தது, சத்தம் கேட்டது, கூட்டம் கூடியது, செருப்பு ஒரு பக்கம் கிடந்தது, ஆம்புலன்ஸ் வந்தது. “அந்தாளு கதை ஆஸ்பத்திரி வாசலுக்கு வர்றதுக்குள்ள நான் எட்டு தடவ தாலிய அறுத்துட்டேன் தம்பி. கடைசில சொல்றான், கால்தான்கா, வேற ஒண்ணுமில்லன்னு. அத்த மொதல்ல சொல்லித் தொலைச்சா இன்னாடா பேஜாரு உனக்கு?” சொல்லிவிட்டுச் சுரண்டியை இன்னும் வேகமாக இழுத்தார். செங்கல் சிவப்பு சுருள் சுருளாக வந்தது, பச்சை வந்தது, மஞ்சள் வந்தது, அதற்கும் அடியில் திடீரென்று ஒரு தாமரை. லாரி பாடிக்கு எழுதுகிறவன் எப்போதோ படியின் நெற்றியில் வரைந்த வெள்ளைத் தாமரை. “நைனா, உங்க படில பூ பூத்திச்சி” என்று அக்கா கூவ, அப்பா தடவித் தடவி வந்து விரலால் அதைத் தேடினார். அது கண்ணுக்கு மட்டும் இருந்த பூ. ஆனாலும் இதழ் எங்கே எங்கே என்று அக்கா அவர் விரலைப் பிடித்து எட்டு இதழையும் சுற்றிக் காட்டினார்.

வேலை தொடங்கிய அன்றைக்கே அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கியிருந்தோம். கோயில் தேர் மாதிரி இறங்கியதில் அவருக்கு அவமானம், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். அக்கா முதலில் மேல்படியைப் பெயர்த்தார். “ஒண்ணு” என்றார். கழற்றக் கழற்ற வாங்கி, அடிப்பக்கத்தில் பென்சிலால் எண் எழுதி, சுவரில் சாய்த்து வைப்பது என் வேலை. ரெண்டு, மூணு என்று மேலிருந்து பதிமூன்று வரைக்கும் வந்தார்.

பலகைகளைத் தரையில் பரப்பியதும் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றின்மேலும் ஏறி நின்றார். “இது கூடூரு. இது ஓங்கோலு. ஏம்மா, மெஷினு போட்டுத் தேய்ச்சி ஊருங்கள அழிச்சிடாத.”

“முடிச்சும் இருக்கும், பள்ளமும் இருக்கும் நைனா. பெயிண்டு மட்டுந்தான் போவும். தடா கத்தணுமா வோணாமா?”

“கத்தட்டும். செக்போஸ்ட்டுல சத்தம் இல்லன்னா எப்படி?”

அதனால் பன்னிரண்டு படிக்கு வாயை அடைத்து, ஒன்றுக்கு மட்டும் குரல் விட்டு வைக்கத் தீர்மானம் ஆனது. ஆணியே கூடாது என்றார் அக்கா. லாரி நடுக்கத்துக்கு ஆணி எழும்பும், மரமுளை எழும்பாது. பெட்டி செய்கிற இடத்தில் நாளெல்லாம் ஆணி அடித்துவிட்டு, எங்கள் வீட்டில் ஒரு ஆணிகூட இல்லாமல் வேலை செய்வது அவருக்கு விருந்து. பிளந்த ஐந்தாம் பலகைக்கு, வெளிநாட்டு இயந்திரம் உட்கார்ந்து வந்த பெட்டியின் அடிக்கட்டையைக் கேட் பாஸ் போட்டு எடுத்து வந்து, அடியில் கொடுத்து ஒட்டினார். கைப்பிடியின் இரண்டு முனையிலும், அடிப்பக்கமாக, கட்டைவிரல் அமர ஒரு குழி செதுக்கினார். “குழி வந்தா படி முடியப்போவுதுன்னு அர்த்தம் நைனா.” முடிவு முன்கூட்டியே தெரிய வேண்டும், கைக்கும்கூட.

மனைவிக்குக் கண்ணாடி மாதிரி பளபளப்பு வேண்டும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “பளபளப்பு பாக்கறவங்களுக்கு. நடக்குறவங்களுக்குப் புடிப்புதான்.” சமையலறைக்குள் போய் மாவுச் சல்லடையை எடுத்துவந்து ஆற்றுமணலைப் பொடிப்பொடியாகச் சலித்து, படி விளிம்பில் பூசுகிற வார்னிஷில் கலந்தார்.

“என் சல்லடை அக்கா.”

“சப்பாத்தில ரெண்டு நாளைக்கு மண்ணு கடிக்கும். அப்புறம் சரியாப்பூடும்.”

பலகைகளை மறுபடி பொருத்திய நாளில் வீட்டில் யாருமில்லை. எனக்கு எடைமேடையில் வேலை. மனைவி அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தாள். அக்காவுக்கு வாராந்திர விடுமுறை, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது படி நின்றது. நின்றது என்றா சொல்வது, வீட்டுக்குள் ஒரு ஆறு நிமிர்ந்து நின்றது. தேன்நிறம், வரிவரியாக ரேகை, ஒவ்வொரு படியும் இப்போதுதான் மரத்திலிருந்து எழுந்த மாதிரி. நான் கிறுக்குப்பிடித்தவன் போல முன்னும் பின்னும் நடந்தேன், கீழிருந்து பார்த்தேன், தரையில் படுத்துப் பார்த்தேன். அக்கா அதன்பின் மூன்று நாள் வந்து, உச்சியில் தொடங்கி, பின்னாலேயே இறங்கி இறங்கி வார்னிஷ் பூசினார். காயும்வரை எறும்பைக்கூட ஏற விடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. அப்பா வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். மனைவி, எதற்கும் இருக்கட்டும் என்று, அவர் தலையணையை அதற்குமுன்பே மோட்டார் அறைக்கட்டிலில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

அப்பா கைப்பிடியைத் தொட்டார். விரல் குழியைக் கண்டுபிடித்தது, லேசாகச் சிரித்தார். வலது காலைத் தூக்கி முதல் படியில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். இடது காலையும் வைத்தார். பாதத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். சிரிப்பு காணாமல் போயிற்று.

“கிருஷ்ணா இங்க எப்டி வந்துச்சு?”

எனக்குப் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு பாதத்தின் பள்ளம். உச்சியில் இருக்க வேண்டிய விஜயவாடா காலடியில் கிடந்தது.

அக்காவுக்கு முகம் வெளுத்தது. “நீ இன்னா நம்பர் தம்பி எழுதின?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மேல்படியைக் கழற்றி ‘ஒண்ணு’ என்று சொன்னபோது, மேல்படி எப்படி ஒன்று ஆகும், அவசரத்தில் தப்பாகச் சொல்கிறார் என்று, நானே திருத்தி, பதிமூன்று என்று எழுதியிருந்தேன். அவரிடம் சொல்லவும் இல்லை. கீழிருந்து மேலே போகிற ஆளுக்கு ஒன்று என்றால் தரையில்தானே. அவருக்கோ ஒன்று என்றால் உச்சி. ஆளில்லாத வீட்டில் என் எண்களை நம்பி, பதிமூன்றைக் கீழே வைத்து, ஒன்றை உச்சியில் வைத்து, பசை ஊற்றி முளை அடித்துவிட்டார். எல்லாப் பலகையும் ஒரே அளவு. எந்தக் கண்ணுக்கும் தெரியவில்லை, காலுக்குத்தான் தெரிந்தது.

“ஒட்டுப்போட்ட அஞ்சாம் நம்பரப் போடும்போது மனசுல இன்னாவோ இடிச்சிது” என்றார் அக்கா, மெதுவாக. “எழுத்த நம்பிட்டேன். பெட்டில எழுதிருக்கறத நம்பித்தான எங்களுக்கு வேலையே.”

“என் தப்புக்கா.”

“இப்ப தப்பு யாருதுன்னு பிரிச்சி இன்னா பண்றது? பிரிச்சா பலகைதான் ஒடையும்.”

மனைவி ஒரு அடி முன்னால் வந்தாள். கை தானாக நீண்டது. அப்பா காற்றில் அதை உணர்ந்தார் போல.

“கை வோணாம்.”

நீண்ட கை நடுவிலேயே நின்றது. செக்போஸ்ட்டிலிருந்து ஒரு லாரி கிளம்பியது. வீடு நடுங்கியது, கைப்பிடி நடுங்கவில்லை. அப்பா தலையைச் சாய்த்து அதைக் கேட்டார்.

“மொத்தமும் திரும்பிக் கீதா? இல்ல கலஞ்சி கீதா?”

“கலையல நைனா” என்றார் அக்கா. “ஒழுங்காத்தான் திரும்பிக் கீது. நெல்லூரு மட்டும் அதே எடத்துல.”

அப்பா வாய்க்குள்ளேயே ஏதோ ஓட்டிப் பார்த்தார். பதிமூன்று ஊர்களும் அந்த உதட்டில் ஓடி முடிந்தன.

“விஜயவாடாலேர்ந்து ரிட்டன் லோடு தான” என்றார்.

அக்காவுக்கு உயிர் வந்தது. இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினார். “நைனா மேல பூட்டாரு” என்றார், அப்பா இன்னும் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே. “ஏறி, எறங்கி, டீயும் குடிச்சிட்டாரு. யாரும் விழல. நீங்க ஏன் மூச்சப் புடிச்சிகினு நிக்கிறீங்க?”

அப்பா வண்டியை எடுத்தார். மங்களகிரி. குண்டூர். ஒவ்வொன்றையும் பாதம் விசாரித்தது, பெயர் வந்தது, அதன்பிறகே அடுத்த கால். சிலகலூரிப்பேட்டையில் கொஞ்சம் யோசித்தார். ஓங்கோல். காவலி. நெல்லூரில் முடிச்சைக் கண்டதும் முதுகு நிமிர்ந்தது. அதற்குமேல் வேகம், ஊர் நெருங்க நெருங்க லாரிக்காரனுக்கு வருமே அந்த வேகம், கூடூர், நாயுடுபேட்டை, சூளூர்பேட்டை, எங்கள் மூன்று தலையும் அவரோடு மேலே போயின. தடா கத்தியது. ஆரம்பாக்கம். கைப்பிடியின் குழி. ஓரத்தில் பெயர்ந்த அரைநிலா.

“எளாவூர்” என்றார் உச்சியிலிருந்து. பிறகு ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது.

இறங்கியும் வந்தார். அதை நான் சரியாகப் பார்க்கவில்லை, கண் கலங்கியிருந்தது. கீழே பள்ளத்தில் கால் வைத்து, “விஜயவாடா, டீ நிறுத்தம்” என்றவர், “அந்தப் பொண்ணு எங்க?” என்று கேட்டார். திரும்பினேன். கருவிப் பை இல்லை. சமையலறைப் பின்கதவு திறந்திருந்தது, ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கழுவிய சல்லடை ஆணியில் தொங்கிச் சொட்டியது. முடிவு தெரிந்த கதைக்கு அவர் எதற்கு நிற்கப்போகிறார்.

மனைவி டீயை அப்பா கையில் கொடுத்தாள். பின்னறைக்குப் போனாள். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து படியேறினாள். முக்கால் உயரத்துக்குமேல் ஒரு பலகை கத்தியது.

“தடா தாண்டிட்ட” என்றார் அப்பா, டீயை ஊதிக்கொண்டே. “இன்னும் ரெண்டு படிதான். ஊடு வந்துரும்.”